அரக்குத் தட்டில் மாட்டுக்காரன் பாட்டு

பழைய கிராமபோன் பிளேட்டில் பாட்டு இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் பஞ்சும் இருக்கிறது என்றால் திருப்பூர்க்காரரே நம்ப மாட்டார். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய அந்தக் கறுப்புத் தட்டின் கலவையில் பெரும்பங்கு கற்பொடி. நிறத்துக்குக் கரித்தூள். பொடிந்து போகாமல் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு இழைத்தூள். எல்லாவற்றையும் ஒட்டவைக்க அரக்கு. அந்த அரக்கு நம் நாட்டுச் சரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாசு, இலந்தை மரக்கிளைகளில் ஒரு சின்னஞ்சிறு பூச்சி கசியவிடும் பிசின் அது. அதைச் சுரண்டி, உருக்கி, தகடாக்கி, கல்கத்தாவில் கப்பலேற்றுவார்கள். அது நியூஜெர்சிக்கும் விஸ்கான்சினுக்கும் போய், ஏதோ ஒரு மாட்டுக்காரனின் பாட்டையோ ரயில்வே தொழிலாளியின் பாட்டையோ முதுகில் வரிவரியாக எழுதி வாங்கிக்கொள்ளும்.

பிறகு அதே பாட்டு கடல் தாண்டி இங்கேயே திரும்பி வந்தது. அப்படி வந்ததை, எங்கிருந்தோ கிளம்பி எங்கேயோ போய்ச் சேர்ந்ததை, ஆயுள் முழுக்கத் தேடித்தேடிச் சேர்த்த சில பித்தர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

பித்தர் என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம், ஃபிரெடரிக் என்ற ஊரில் ஜோ பஸ்ஸார்ட் என்று ஒருவர் இருந்தார். 1936-ல் பிறந்தவர். 2022 செப்டம்பரில் காலமானார். அப்பா விவசாயிகளுக்குத் தேவையான சாமான் விற்கிற வியாபாரி. பையனுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது காதில் விழுந்தது ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகரின் குரல். கடைக்குப் போய் அவர் பிளேட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அதெல்லாம் போன தலைமுறைச் சரக்கு, இப்போது கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். கடையில் இல்லாவிட்டால் வீடுகளில் இருக்கும்தானே என்று வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட ஆரம்பித்தான். அந்தத் தட்டல் எழுபது வருஷம் நிற்கவில்லை.

காரோட்டும் வயது வந்ததும் அப்பலாச்சிய மலைக் கிராமங்களுக்குள் புகுந்தார். வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, நிலக்கரிச் சுரங்க ஊர்கள். மின்சாரம் வந்த வீட்டில் ரேடியோ வந்திருக்கும், பழைய பிளேட்டை வீசியிருப்பார்கள். மின்சாரம் வராத வீட்டில்தான் சரக்கு கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. முன்வாசலில் பழைய காலத்துத் திரைச்சீலை தொங்குகிறதா, கிழவி ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்தே வண்டியை நிறுத்துவாராம்.

அவரே பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. 1960-களில் ஒரு கோடைகாலம், வர்ஜீனியாவில் டாஸ்வெல் என்ற ஊர்ப்பக்கம் வழி கேட்க வண்டியை நிறுத்தினார். வழி சொன்ன பெரியவர், பேச்சுவாக்கில் தன் வீட்டிலும் பழைய பிளேட்டுகள் ஒரு பெட்டி கிடப்பதாகச் சொன்னார். அவரையும் ஏற்றிக்கொண்டு அவர் குடிசைக்குப் போனால், கட்டிலுக்கு அடியில் தூசி படிந்த பெட்டி. மேலே இருந்ததெல்லாம் வழக்கமான நாட்டுப்புறப் பாட்டு. தள்ளித்தள்ளி எடுத்துக்கொண்டே வந்தவருக்கு ஒரு லேபிளைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. ‘பிளாக் பேட்டி’. 1927-ல் சிகாகோவில் மேயோ வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் தொடங்கி, ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்காமல் மூடிய கம்பெனி. அதன் தட்டுகள் எங்கும் கிடைப்பதில்லை. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் மொத்தப் பெட்டிக்கும் என்ன விலை என்று கேட்டார். பத்து டாலர் என்றார் பெரியவர். பிற்காலத்தில் அதில் ஒரே ஒரு தட்டுக்குப் பல்லாயிரம் டாலர் தருவதாக ஆட்கள் வந்தார்கள். பஸ்ஸார்ட் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அந்தப் பெரியவருக்குப் பத்து டாலர்தானே கிடைத்தது? பிளேட்டு சேகரிப்பவர்களின் வீரக்கதைகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். அவர் பெயரை யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. ஆனால் பஸ்ஸார்ட் வந்திராவிட்டால் அந்தப் பெட்டி என்ன ஆகியிருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். அதில் இருந்த பாட்டு இன்றைக்கு உலகத்தில் இருக்காது. கம்பெனிக்காரர்களிடமே மூலத் தகடு இல்லையே.

அதுதான் இந்தத் துறையின் விநோதம். பாட்டைப் பதிந்து விற்றவர்கள் அதைப் பாதுகாக்கவில்லை. விஸ்கான்சினில் பாரமவுண்ட் என்று ஒரு கம்பெனி. கறுப்பினப் பாடகர்களின் ப்ளூஸ் பாட்டுகளில் பாதிச் சரித்திரம் அவர்கள் தட்டில்தான் இருக்கிறது. அதன் முதலாளி யார் என்றால் ஒரு நாற்காலிக் கம்பெனி! கிராமபோன் வைக்கிற மரப்பெட்டி செய்து விற்றவர்கள். பெட்டி விற்க வேண்டுமானால் உள்ளே சுற்றுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று பிளேட்டும் போட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் வியாபாரம் படுத்ததும் கடையை மூடினார்கள். மூல உலோகத் தகடுகளைப் பழைய உலோக விலைக்குத் தள்ளியதாகச் சொல்வார்கள். வேலை போன கோபத்தில் தொழிலாளிகள் பிளேட்டுகளை ஆற்றில் வீசி எறிந்து விளையாடினார்கள் என்று ஒரு கதையும் உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, தகடு போனது உண்மை.

மிச்சத்தை உலகப்போர் பார்த்துக்கொண்டது. 1942-ல் ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவைப் பிடித்ததும் அரக்கு வரத்துக்கு ஆபத்து வந்தது. வெடிமருந்துக்கும் வண்ணப்பூச்சுக்கும் அரக்கு வேண்டும் என்று, பிளேட்டுக் கம்பெனிகளின் அரக்குப் பயன்பாட்டை அமெரிக்க அரசு 70 சதவீதம் வெட்டியது. வீட்டில் கிடக்கும் பழைய பிளேட்டுகளைக் கொடுங்கள், உருக்கிப் புதுசு போடுகிறோம் என்று தேசபக்தியோடு வீதி வீதியாகச் சேகரித்தார்கள். எத்தனை குரல்கள் அப்படி உருகிப் போயின என்பதற்குக் கணக்கு கிடையாது. அதைத் தப்பித்து நின்றதைத்தான் பஸ்ஸார்ட் தலைமுறை பொறுக்கியது.

பஸ்ஸார்ட் சேர்த்தது 15,000 தட்டுகளுக்கு மேல். எல்லாம் வீட்டு நிலவறையில், சுவரை மறைத்த அலமாரிகளில், அட்டவணை எதுவுமில்லாமல். எது எங்கே என்பது அவர் தலைக்குள்தான் இருந்தது. வாயில் சுருட்டோடு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் காட்டி, வந்தவர் ஆடுகிறாரோ இல்லையோ தான் ஆடுவார். பெரும் பிடிவாதக்காரர். ஜாஸ் 1933-உடன் செத்துவிட்டது, அதற்குப் பின் வந்ததெல்லாம் குப்பை என்று அடித்துச் சொல்வார். ராக் அண்ட் ரோல் பெயரைச் சொன்னாலே எகிறுவார். ஆனால் ஒன்று: யாராவது எழுதிக் கேட்டால் சொற்ப காசுக்குக் கேசட்டில் பதிந்து அனுப்பிக்கொண்டே இருந்தார். பூட்டி வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. சேகரிப்பவர்களில் இரண்டு சாதி உண்டு. தன்னிடம் இருப்பது அடுத்தவனிடம் இருக்கக் கூடாது என்பவர் ஒருவகை. தன் காதில் விழுந்தது ஊர்க்காதில் எல்லாம் விழ வேண்டும் என்பவர் மற்றொரு வகை. பஸ்ஸார்ட் இரண்டாவது சாதி.

சரி, அந்த ஏழு வயதுப் பையனைப் பைத்தியமாக்கிய ஜிம்மி ராட்ஜர்ஸ் யார்?

மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் ஊர்க்காரர். ரயிலில் பிரேக் போடும் தொழிலாளி. காசநோய் வந்து வேலை போனது. 1927 ஆகஸ்டில், டென்னசி வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் ஊருக்கு ரால்ஃப் பீர் என்ற கம்பெனி ஆள் வந்து, ஒரு தொப்பிக் கிடங்கின் மாடியில் போர்வைகளைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். பாட்டுக்கு 50 டாலர். மலையிலிருந்து இறங்கி வந்த கார்ட்டர் குடும்பமும், வேலையில்லாத இந்த ரயில்வேக்காரரும் அந்த ஒரே வாரத்தில் அங்கே பாடினார்கள். அமெரிக்க நாட்டுப்புற இசை வியாபாரத்தின் பெரும்பகுதி அந்த மாடியில் பிறந்தது என்று சொல்வது மிகையல்ல. ராட்ஜர்ஸின் தனி முத்திரை யோடலிங். நெஞ்சுக் குரலிலிருந்து கள்ளத்தொண்டைக்குத் திடீரெனத் தாவி, மறுபடி விழுந்து, குரல் உடைகிற இடத்தையே அலங்காரமாக்குகிற வித்தை. அதை ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களிடமிருந்து அமெரிக்க நாடகக் கொட்டகை எடுத்துக்கொண்டிருந்தது. ராட்ஜர்ஸ் அதைக் கறுப்பினத்தவரின் ப்ளூஸோடு குழைத்தார். அவரைப் போலவே பாடித் தொடங்கிய ஜீன் ஆட்ரி பிறகு சினிமாவில் மாட்டுக்காரன் வேஷம் கட்டினார். அதிலிருந்துதான் குதிரை, தொப்பி, கிதார், யோடல் எல்லாம் ஒட்டிக்கொண்டு ‘வெஸ்டர்ன்’ என்று பெயரானது.

பாடி ஆறு வருஷம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசி ஒலிப்பதிவு. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே படுத்து இளைப்பாற ஸ்டுடியோவிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். 24-ஆம் தேதி பாடி முடித்தார். 26-ஆம் தேதி இறந்தார். வயது 35.

அதே 1933, டிசம்பர் 2-ஆம் தேதி. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தார். வயது 27. அவர் மனைவி காவிரிக்கரைக் கொடுமுடியைச் சேர்ந்த கே.பி. சுந்தராம்பாள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் எட்டும் எடுப்பான சுருதி கிட்டப்பாவுக்கு. பேசும் படம் தமிழுக்கு வந்த இரண்டாம் ஆண்டிலேயே போய்விட்டதால் அவர் எந்தப் படத்திலும் இல்லை. சுந்தராம்பாளை நாம் ‘ஒளவையா’ராகத் திரையில் பார்க்கலாம். கிட்டப்பா எப்படிப் பாடினார் என்று கேட்க வேண்டுமானால் பிளேட்டு ஒன்றுதான் கதி. மெரிடியன் ரயில்வேக்காரரும் செங்கோட்டை ராஜபார்ட்டும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியே இல்லை. ஆனால் இருவர் குரலும் ஒரே அரக்கில், ஒரே 78 சுற்றில், ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிடக் கணக்கில் மிஞ்சியிருக்கிறது. அதையும் மிச்சம் வைத்தவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல, வீட்டில் யாரோ உடைக்காமல் வைத்திருந்தார்கள்.

இருவரும் சந்தித்திருக்க முடியாது. ஆனால் அவர்கள் தட்டுகள் சந்தித்திருக்கலாம்! 1902-ல் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பாட வைத்ததில் தொடங்கிய வியாபாரம், 1908-ல் சியால்டாவில் சொந்த ஆலை, 1920-களின் கடைசியில் டம்டமில் பெரிய ஆலை என்று வளர்ந்தது. அங்கே நம் ஊர் சங்கீதமும் நாடகப் பாட்டும் மட்டும் அழுத்தி எடுக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமார்கள், ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியர்கள், தேயிலைத் தோட்டக்காரர்கள் என்று வாங்க ஆட்கள் இருந்ததால் மேற்கத்தியப் பாட்டும் போட்டார்கள். அதில் ஜிம்மி ராட்ஜர்ஸ் உண்டு. எச்.எம்.வி.யிலும், அதன் மலிவு லேபிளான ட்வினிலும் அவர் பாட்டுகள் இந்தியப் பதிப்பாக வந்தன. மிசிசிப்பிக் குரல், ஜார்க்கண்ட் அரக்கு, டம்டம் அச்சு. இன்றைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த இந்தியப் பதிப்புகளைத் தேடி அலைகிறார்கள்.

அந்தத் தட்டுகள் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தன என்பதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மத்தியப் பிரதேசம் கண்ட்வாவில் ஒரு வக்கீல் வீட்டில் அனூப் குமார் என்ற பையன் ஜிம்மி ராட்ஜர்ஸ், டெக்ஸ் மார்ட்டன் பிளேட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட தம்பிதான் கிஷோர் குமார். இந்திப் பாட்டில் அவர் விட்ட யோடல் எல்லாம் அந்த வீட்டுக் கிராமபோன் போட்ட பிச்சை. கென்யாவில் கிப்சிகிஸ் மக்களிடம் இதே ராட்ஜர்ஸ் போனார். இந்தக் குரல் மனுஷக் குரல்தானா என்று வியந்து, பாதி மனிதன் பாதி மான் என்று கற்பித்துக்கொண்டு, ‘செமிரோச்சா’ என்று அவர் பெயரை வைத்தே பெண்பிள்ளைகள் பாட்டுக் கட்டினார்கள். 1950-ல் ஹ்யூ ட்ரேசி அதை ஒலிப்பதிவு செய்தார். கேட்டுப் பாருங்கள், தூக்கம் போய்விடும்.

தமிழுக்கு யோடலைக் கொண்டுவந்தவர் ஜே.பி. சந்திரபாபு. தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்தவர். சுதந்திரப் போராட்டக்காரரான அப்பாவோடு குடும்பமே இலங்கைக்குப் போக வேண்டியிருந்தது. கொழும்பு அன்றைக்கு மேற்கத்திய இசைக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்த துறைமுகம். அவர் காதில் எந்தத் தட்டு விழுந்தது என்று நான் அடித்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் மேற்கத்தியக் குரலின் அந்த உடைப்பை, தமிழ் வாய்க்கு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்காதபடி, சோகப் பாட்டில்கூட வைக்க முடியும் என்று காட்டியவர் அவர். பலர் அவருக்குப் பின் செய்து பார்த்தார்கள், காமெடியாகத்தான் வந்தது.

கொழும்பு என்றதும் இலங்கை வானொலியைச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கில வர்த்தக சேவையில் வெர்னன் கொரேயா போன்றவர்கள் போட்ட பாட்டுகளைத் தமிழ்நாட்டில் சிற்றலை ரேடியோ வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். அதில் நம்மவர் மனதில் பசைபோட்டு ஒட்டிக்கொண்டவர் ஜிம் ரீவ்ஸ். டெக்சாஸ்காரர். உரத்துப் பாடாத, காதருகே வந்து பேசுகிற குரல். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் வார்த்தை வார்த்தையாகப் புரியும். 1964 ஜூலை 31 அன்று நாஷ்வில் அருகே, தானே ஓட்டிச்சென்ற சிறு விமானம் விழுந்து இறந்தார். இறந்த பிறகும் நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் மாதம் அவர் இல்லாமல் விடிவதில்லை. பழைய எல்.பி. விற்கும் கடைக்கு எங்கே போனாலும் ஜிம் ரீவ்ஸ் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். அதனாலேயே அவருக்கு விலை கம்மி.

மாட்டினத்துக்குப் பேர்போன காங்கேயத்துக்கு இந்த மாட்டுக்காரன் பாட்டோடு ஒரு சொந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அமெரிக்க ‘கவ்பாய்’ பாட்டு சினிமாவில் பிறந்ததல்ல. 1860, 70-களில் டெக்சாஸ் மாட்டு மந்தைகளைக் கான்சாஸ் ரயிலடிக்கு ஓட்டிப்போனவர்கள், ராத்திரியில் மாடு மிரண்டு ஓடாமல் இருக்கச் சுற்றிவந்து மெதுவாகப் பாடியவை. ஜான் லோமாக்ஸ் அவற்றைத் தேடித் தொகுத்து 1910-ல் புத்தகமாக்கினார். 1925-ல் கார்ல் ஸ்ப்ரேக் பாடிய தட்டு விற்றதும் கம்பெனிகளுக்கு மாட்டுக்காரர்கள் மேல் திடீர்ப் பாசம் வந்தது. இங்கே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியுமாகக் கிடக்கும் கொறங்காட்டில் மாடு மேய்த்தவர்களுக்கும், காளையைப் பூட்டிக் கவலை இறைத்தவர்களுக்கும் பாட்டு இருந்தது. ஆனால் நம் ஊர் பிளேட்டுக் கம்பெனிகளுக்கு வேண்டியிருந்தது நாடகமும் கச்சேரியும் பிறகு சினிமாவும். மாட்டைக் காப்பாற்றப் பழையகோட்டைப் பட்டக்காரர் இருந்தார். வம்சாவளி பார்த்து, தரம் பிரித்து, காங்கேயம் இனத்தைக் கலப்பில்லாமல் வளர்த்தார்கள். மாட்டோடு வந்த பாட்டுக்கு அப்படி ஒரு பட்டக்காரர் வாய்க்கவில்லை.

அதே பட்டக்காரர் வேலையைத்தான் பிளேட்டுச் சேகரிப்பவர் செய்கிறார். எந்தத் தட்டு, எந்த ஊரில் பாடியது, எந்தத் தேதி, முதல் எடுப்பா இரண்டாம் எடுப்பா, எந்த ஆலை அச்சு என்று பார்ப்பது வம்சாவளி பார்ப்பதேதான். லேபிளில் அச்சடித்த எண்ணைப் பார்த்து ஏமாறுகிறவர் கத்துக்குட்டி. லேபிளுக்கும் பாட்டுக் கோடு முடிகிற இடத்துக்கும் நடுவே வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும். தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதில் கீறிய சிறு எழுத்துகள் தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். ஒரே பாட்டு, ஒரே லேபிள், ஒரே அட்டவணை எண். ஆனால் அந்தக் கீறலில் கடைசி எழுத்து மாறியிருந்தால் அது வேறொரு எடுப்பு, பாடகர் இன்னொரு முறை பாடியது. அந்த ஒரு எழுத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் கடிதம் எழுதியவர்கள் உண்டு.

தட்டைத் துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. அழுக்கு போகட்டும் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அன்றோடு சரி. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் கூடவே கரையும். மிதமான தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் போதும், லேபிள் மட்டும் நனையக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடித்தட்டு விரிசல் விடும். நிற்க வைக்க வேண்டும். எல்.பி.க்குப் போடுகிற ஊசியை 78 தட்டில் போட்டால், கோடு மூன்று மடங்கு அகலம் என்பதால், ஊசி பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு கரகரவென்று கத்தும். ‘பழைய பிளேட்டுன்னா அப்படித்தான் இருக்கும்’ என்று முடிவுகட்டியவர்கள் பாதிப்பேர் தப்பான ஊசியில் கேட்டவர்கள்.

நம் பக்கத்தில் பிளேட்டுகள் தப்பிப் பிழைத்தது எப்படி? பணக்கார வீட்டுக் கிராமபோன் ஒருபுறம் இருக்கட்டும். கொங்கு நாட்டில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எதுவானாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரைக் கூட்டியவர்கள் மைக்செட்காரர்கள். அவர்களுடைய தகரப் பெட்டியில்தான் தமிழ்நாட்டின் ஒலிச் சரித்திரம் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போனது. அந்தப் பெட்டியில் பிள்ளையார் பாட்டுக்கும் சுந்தராம்பாளுக்கும் நடுவே ஏதாவது ஒரு இங்கிலீஷ் தட்டு கிடக்கும். யார் கேட்டார்கள், எதற்கு வாங்கினார்கள் என்று தெரியாது. பந்தி பரிமாறும்போது போட்டிருப்பார்கள். கேசட் வந்ததும் பெட்டி பரணுக்குப் போனது.

அந்தப் பெட்டிகளைத் தேடிப் போன இந்தியர்களும் உண்டு. சென்னையில் வி.ஏ.கே. ரங்கா ராவ். ஜமீன் குடும்பத்துக்காரர், நாட்டிய விமர்சகர், சின்ன வயதிலிருந்து 78 தட்டுகளை மொழிபேதமில்லாமல் சேர்த்தவர். எந்தப் பழைய பாட்டைப் பற்றிச் சந்தேகம் என்றாலும் தமிழ், தெலுங்கு சினிமாக்காரர்கள் அவரைத்தான் கேட்பார்கள். மும்பையில் இயற்பியல்காரரான சுரேஷ் சாந்த்வன்கரும், ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியரும் 1990-ல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். கின்னியர் 1899 முதல் 1908 வரை பதிவான இந்தியத் தட்டுகளை எண் எண்ணாக அட்டவணையிட்டுப் புத்தகம் போட்டார். நம் நாட்டுத் தட்டுகளுக்கு ஜாதகம் எழுத ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது! கேரளத்தில் பாலா அருகே பிளாசனால் என்ற சிற்றூரில், வனத்துறைக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சன்னி மாத்யூ, தன் பல்லாயிரம் தட்டுகளையும் நூற்றுக்கணக்கான கிராமபோன் பெட்டிகளையும் வைத்து 2015-ல் அருங்காட்சியகமே திறந்துவிட்டார். அரசாங்கம் செய்ய வேண்டியதை ஒரு பென்ஷன்காரர் செய்திருக்கிறார்.

இவர்களில் பலர் தேடியது இந்திய இசை. மேலை நாட்டினர் தேடுவது தங்கள் இசை. நடுவில், டம்டமில் அச்சான மேற்கத்தியத் தட்டுகள் அநாதையாக நின்றன. அதற்கு ஒரு விதிவிலக்கு பீட்டில்ஸ். இங்கிலாந்தில் 78 தட்டு 1960-ஐ ஒட்டி நின்றுபோனது. இந்தியாவில் கரண்ட் இல்லாத வீடுகளில் சாவி கொடுக்கும் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்ததால், 1960-களின் நடுப்பகுதி வரை டம்டம் ஆலை பீட்டில்ஸ் பாட்டுகளையே 78 தட்டாக அழுத்தியது. சாவி கொடுத்துக் கேட்கும் பீட்டில்ஸ்! உலகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத இந்த விசித்திரத்துக்கு இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏலம் நடக்கிறது. பரணில் இருந்தால் பத்திரம்.

சேகரித்தவர் காலமானால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆட்களை ராத்திரி தூங்கவிடாத கேள்வி. பிள்ளைகளுக்குத் தட்டு பாரம், மனைவிக்குத் தூசி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்காது. புத்தகமும் நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் சேர்த்து வைத்த அவர் 1992-ல் மறைந்ததும் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து, 1994-ல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. அமெரிக்காவிலேயே ஹாரி ஸ்மித் என்ற ஓவியர், தான் குவித்து வைத்திருந்த 78 தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைப் பொறுக்கி 1952-ல் ஆறு எல்.பி.களாக வெளியிட்டார். பாப் டிலன் தலைமுறைக்கு அதுதான் பாடப்புத்தகம். ஒருவர் தன் ரசனைக்கு எடுத்த 84, ஒரு நாட்டின் பழைய இசை என்றே ஆகிப்போனது. அவருக்குப் பிடிக்காததெல்லாம் வெளியே நின்றுவிட்டது. சேகரிப்பாளர் கையில் இருக்கிற அதிகாரம் அது. பஸ்ஸார்ட் குப்பை என்று தாண்டிப்போன தட்டுகளில் என்ன இருந்தது என்று இனி யாரால் சொல்ல முடியும்?

இப்போது இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு லட்சக்கணக்கான 78 பதிவுகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. 2023-ல் யுனிவர்சல், சோனி உள்ளிட்ட பெரிய இசைக் கம்பெனிகள் அதன்மேல் வழக்குப் போட்டன. பிறகு சமரசமானது. தட்டைக் காப்பாற்றாத கம்பெனிகளுக்கு உரிமை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் ரசிகனுக்குத் தோழன். இங்கே ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம்தான். ஜிம் ரீவ்ஸ் உயிரோடு இருந்தபோது வெளியிட்ட பதிவுகளெல்லாம் 2025 பிறந்ததோடு இங்கே உரிமை தீர்ந்தன. அமெரிக்காவிலோ, 1957 முதல் வெளியான பழைய பதிவுகளை 2067 வரை தொட முடியாது. பிரிஸ்டல் தொப்பிக் கிடங்கின் மாடியில் ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடி 1927-ல் வெளியான அந்த முதல் தட்டு, அவருடைய சொந்த நாட்டில் 2028 ஜனவரி 1 அன்றுதான் பொதுச்சொத்தாகும். காங்கேயத்தில் பரண் மேல் ஏறி அவர் தட்டு ஒன்றின் டம்டம் பதிப்பை யாராவது கண்டெடுத்தால், யாரிடமும் கேட்காமல் இன்றைக்கே பிரதி எடுத்துக்கொள்ளலாம். சரியான ஊசி மட்டும் போட வேண்டும்.